ஃபென்டனில் சாவுகளைத் தடுக்க வரும் அரசுப் பணம்: எங்கே போகிறது, எங்கே போய்ச் சேருவதில்லை

கேள்வி இது: "அமெரிக்காவில் ஃபென்டனில் விஷச் சாவுகளைத் தடுக்க அரசு பில்லியன் கணக்கில் டாலர் ஒதுக்குகிறது என்று படிக்கிறோம். அந்தப் பணம் உண்மையில் எங்கே போகிறது? அதனால் சாவு குறைந்ததா? இங்கே பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஏதாவது வந்து சேருமா?"

நியூ ஜெர்சியில் ஒரு கவுண்டி (மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையில் மானியக் கணக்குப் பார்ப்பது என் வேலை. டாக்டரும் இல்லை, போலீஸும் இல்லை. எந்தப் பணம் எந்தத் தலைப்பில் வந்தது, எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது, மிச்சத்தை எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும், நாள் முழுக்க இதே பாட்டுதான். அதனால் இந்தப் பதிலில் மருத்துவம் கொஞ்சமும் கணக்கு நிறையவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'விஷச் சாவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பணம் வழிமாறிப் போகிற இடமே அங்கேதான் இருக்கிறது. ஃபென்டனில் மருத்துவமனைகளில் இன்றைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் வலிமருந்து, மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியம். ஆளைக் கொல்வது அந்த மருத்துவமனைச் சரக்கு இல்லை, கள்ளத்தனமாகத் தயாரித்த பொடி. அதை ஹெராயினில் கலக்கிறார்கள், கொக்கெயினில் கலக்கிறார்கள், அப்புறம் நீல நிற மாத்திரையாக அச்சடித்து ஒரு பக்கம் 'எம்', மறுபக்கம் '30' என்று முத்திரை குத்தி, மருந்துக்கடையில் விற்கும் ஆக்சிகோடோன் என்ற வலிமருந்து மாத்திரை மாதிரியே விற்கிறார்கள். பதற்றத்துக்குத் தரும் ஸானக்ஸ், கவனக்குறைவுக்குத் தரும் அட்டரால் பெயரிலும் போலி வருகிறது. 2 மில்லிகிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து, பென்சில் முனையில் நிற்கும் அளவு. போதைப்பொருள் தடுப்புத் துறையான டி.இ.ஏ. தன் ஆய்வகத்தில் சோதித்த ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகளில், 2023-ல் பத்துக்கு ஏழில் அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தது. 2024-ல் பத்துக்கு ஐந்து.

ஆக, சாகிறவர்கள் இரண்டு வகை. பல வருடம் பழக்கத்தில் இருந்து உடம்பு அதற்கு அடிமையானவர்கள் ஒரு வகை. பரீட்சைக்குக் கண்விழிக்க, அல்லது தூக்கம் வர, அல்லது நண்பன் கொடுத்தானே என்று ஒரே ஒரு மாத்திரை போட்டு, அது என்னவென்றே தெரியாமல் போனவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளின் பெற்றோர்கள்தான் 'ஓவர்டோஸ்' என்று சொல்லாதீர்கள், விஷம் வைத்தது என்று சொல்லுங்கள் என்று வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். டெக்சாஸ் 2023-ல் சட்டமே போட்டுவிட்டது, அங்கே இப்போது இறப்புச் சான்றிதழில் ஃபென்டனில் விஷம் என்று எழுத வேண்டும். சொல் சண்டைதானே என்று முதலில் நானும் நினைத்தேன். மானியப் படிவங்களைப் பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது: அரசுப் பணம் பெரும்பாலும் முதல் வகை ஆட்களுக்காக வடிவமைக்கப்பட்டது. 'ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்துகள்) பழக்க நோய் உள்ளவர்' என்று ஒருவர் சீட்டில் பதிவானால் பணம் ஓடி வருகிறது. ஒரே மாத்திரையில் போகப்போகும் பையன் எந்த கிளினிக்கிலும் பதிவாகப் போவதில்லை. அவனிடம் அந்தப் பணம் போய்ச் சேர வழியே கிடையாது.

சரி, பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் போதைப்பொருள் பட்ஜெட் என்று எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்துக்கு 40 பில்லியன் டாலருக்கு மேல் வரும், அதாவது 4,000 கோடி டாலர். மலைக்காதீர்கள். எல்லைக் காவல், ஸ்கேனர், சிறை, சிகிச்சை, ஆராய்ச்சி எல்லாம் அதற்குள்தான். எல்லைச் செலவு வீண் என்று நான் சொல்ல மாட்டேன், 2023 நிதியாண்டில் மட்டும் சுங்கத் துறை 12,000 கிலோவுக்கு மேல் ஃபென்டனில் பிடித்தது. ஆனால் 2 மில்லிகிராம் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிடிபடாமல் போன ஒரு சூட்கேஸ் ஒரு ஊருக்குப் போதும்.

மக்களின் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பணத்தில் பெரியது மெடிக்கெய்ட், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. ஓபியாய்டு பழக்கத்தில் இருக்கும் 65 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு அதுதான் காப்பீடு. ஃபென்டனில் நிதி என்று யாரும் அதைச் செய்தியில் சொல்வதில்லை, ஆனால் மெடிக்கெய்டில் கை வைத்தால் ஃபென்டனில் சிகிச்சையில்தான் கை வைக்கிறார்கள்.

அடுத்தது, என் மேசைக்கு வரும் மானியங்கள். 2016 டிசம்பரில் 21-ம் நூற்றாண்டு குணமளிப்புச் சட்டம் வந்தபோது மாநிலங்களுக்கு இரண்டு வருடத்துக்கு 1 பில்லியன் கொடுத்தார்கள். 2018 முதல் அதன் தம்பியாக மாநில ஓபியாய்டு எதிர்வினை மானியம் வந்தது, சாம்சா என்கிற மத்திய அமைப்பு வழியாக, இப்போது வருடத்துக்கு ஏறத்தாழ 1.5 பில்லியன். இது தவிர, பழைய தொகுப்பு மானியம் ஒன்று வருடத்துக்குச் சுமார் 2 பில்லியன். அதில் குறைந்தது 20 சதவீதத்தை முன்தடுப்புக்கு, அதாவது பழக்கமே இல்லாதவர்களுக்கான தடுப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்கும் 'தடுப்பு' என்பது கண்டிப்பாகக் கிடைக்கிற இடம் அந்த 20 சதவீதம்தான். மத்திய நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. தரும் பணம் தனி. எந்தத் தெருவில் என்ன சரக்கு வந்திருக்கிறது, எந்த மருத்துவமனையில் திடீரென்று கூட்டம் கூடுகிறது என்று தகவல் சேர்க்க அது. கேட்க சப்பென்று இருக்கும், ஆனால் வெள்ளிக்கிழமை வந்த மோசமான சரக்கைப் பற்றி சனிக்கிழமை காலைக்குள் ஊருக்குச் சொல்ல முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அந்தப் பணம்.

தொகை போதாது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறை பணம் வரும் விதத்தில். மாநில ஓபியாய்டு மானியத்தின் ஆண்டு செப்டம்பர் 29-ம் தேதி முடியும். வாஷிங்டனில் கையெழுத்தாகி, மாநிலத்துக்கு வந்து, மாநிலம் ஒப்பந்தம் போட்டு, கவுண்டி சபை தீர்மானம் நிறைவேற்றி, எங்கள் கைக்கு வரும்போது பிப்ரவரி ஆகிவிடும். ஏழு மாதத்தில் ஒரு வருட வேலையைச் செய்ய வேண்டும். ஆள் எடுக்கலாம் என்றால், ஏழு மாத வேலைக்கு எந்த நர்ஸ் வருவார்? அப்புறம் பெரும்பாலான மானியங்கள் 'முதலில் நீ செலவு செய், பில்லைக் கொடு, பிறகு தருகிறோம்' என்ற முறையில் வருபவை. ஒரு பெரிய மருத்துவமனைக்கு இது ஒரு பொருட்டில்லை. தேவாலயத்தின் நிலவறையில் ஆறு பேர் நடத்தும் அமைப்புக்கு மூன்று மாதச் சம்பளத்தை யார் கடன் கொடுப்பார்கள்? விடிகாலையில் தெருவில் நின்று, நின்றுபோன மூச்சைத் திருப்பும் நலாக்சோன் மருந்தைக் கொடுப்பவர்கள் அவர்கள்தான், மானியத்துக்கு விண்ணப்பிக்கவே பயப்படுபவர்களும் அவர்கள்தான். போதாததற்கு, சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு நீளமான கேள்வித்தாளை நிரப்ப வேண்டும், ஆறு மாதம் கழித்து அவரைத் தேடிப்பிடித்து மறுபடி நிரப்ப வேண்டும். வீடில்லாமல் இருப்பவரை ஆறு மாதம் கழித்து எங்கே தேட? வந்தால் 30 டாலர் வரை பரிசு அட்டை கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆளைக் கண்டுபிடிக்க விதி இல்லை.

இன்னொரு விஷயம் நிச்சயமின்மை. 2026 ஜனவரியில் சாம்சா ஒரே இரவில் ஏறத்தாழ 2 பில்லியன் டாலர் மானியங்களை ரத்து செய்து கடிதம் அனுப்பியது, எதிர்ப்பு கிளம்பியதும் 24 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்துவிட்டது. பணம் வந்துவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். அந்த ஒரு நாளில் வேறு வேலை தேட ஆரம்பித்தவர் திரும்ப வருவாரா?

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். நலாக்சோன். ஃபென்டனில் மூளையில் போய் உட்காரும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும் மருந்து, நின்றுபோன மூச்சு சில நிமிடத்தில் திரும்பும். ஃபென்டனில் இல்லாத ஆளுக்குக் கொடுத்தாலும் கெடுதல் கிடையாது. 2023 மார்ச் மாதம் மருந்துச்சீட்டு இல்லாமலே இதை விற்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. அந்த செப்டம்பரில் கடை அலமாரிக்கு வந்தபோது இரண்டு ஸ்ப்ரே உள்ள பெட்டி சுமார் 45 டாலர். கலிஃபோர்னியா அரசு ஒரு மருந்து நிறுவனத்தோடு பேரம் பேசி அதே இரண்டு ஸ்ப்ரேயை 24 டாலருக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ பாதி விலை! அதே பணத்தில் இரண்டு மடங்கு பெட்டி. மொத்தமாக வாங்குகிறவன் விலை பேசினான், அவ்வளவுதான். அரசுப் பணத்தை நன்றாகச் செலவழிப்பதற்கு உதாரணம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது உதாரணம் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து நியூ ஜெர்சியில் 14 வயது நிரம்பிய யாரும், திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருந்துக்கடைக்குப் போய் நலாக்சோன் வேண்டும் என்றால் இலவசமாகக் கொடுப்பார்கள். பெயர் கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை கேட்க மாட்டார்கள், காப்பீடு கேட்க மாட்டார்கள். திட்டத்தின் பெயர் நலாக்சோன் 365. உண்மையிலேயே கேட்காமல் தருகிறார்களா என்று பார்க்க நானே ஒரு சனிக்கிழமை போனேன். கவுன்டரில் இருந்த பெண் கணினியில் ஏதோ தட்டினார், பின்னால் போனார், வெள்ளைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். காய்ச்சல் மாத்திரை வாங்குவதைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. பெயர் சொல்லாமல் வாங்கலாம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். மேலே சொன்ன அந்த ஆறு மாதக் கேள்வித்தாளை இங்கே வைத்திருந்தால் ஒரு பெட்டிகூட நகர்ந்திருக்காது.

நலாக்சோன் ஏன் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறேன்? 2019 ஜூலையிலிருந்து 2021 டிசம்பர் வரை ஓவர்டோஸில் இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளைப் பற்றி சி.டி.சி. ஓர் ஆய்வு வெளியிட்டது. சுமார் 84 சதவீத சாவுகளில் ஃபென்டனில். ஏறத்தாழ கால்வாசியில் போலி மாத்திரைக்கான தடயம். என்னைத் தூங்கவிடாத எண் வேறு: மூன்றில் இரண்டு பங்கு சாவுகளில் பக்கத்திலோ அதே வீட்டிலோ இன்னொருவர் இருந்திருக்கிறார். பெரும்பாலும் அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அடுத்த அறையில் இருந்திருக்கலாம், குறட்டை என்று நினைத்திருக்கலாம். அந்தக் கரகரப்பான குறட்டை மூச்சு திணறுவதன் சத்தம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அரசுப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த அடுத்த அறை என்பது என் கருத்து. அதைச் சொல்லிக்கொடுக்கவும் ஒரு பெட்டியை அங்கே வைக்கவும் ஆகும் செலவு, ஒரு எல்லை ஸ்கேனரின் பராமரிப்புச் செலவுக்கு முன்னால் தூசு.

பரிசோதனைப் பட்டை என்று ஒன்று உண்டு. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துப் பட்டையை முக்கினால் ஃபென்டனில் இருக்கிறதா என்று காட்டும். சுமார் ஒரு டாலர்தான் விலை. ஒரு கோடு வந்தால் இருக்கிறது, இரண்டு கோடு வந்தால் இல்லை, கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறு, இதைக் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு. 2021 ஏப்ரலில்தான் மத்திய மானியப் பணத்தில் இதை வாங்கலாம் என்று அனுமதி வந்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் இது போதை உபகரணம் என்ற கணக்கில் சட்டவிரோதமாகவே இருந்தது, டெக்சாஸில் 2023-ல் மாற்றப் பார்த்தும் மசோதா மேலவையைத் தாண்டவில்லை. ஒரு கை மானியம் கொடுக்கிறது, இன்னொரு கை கைது செய்கிறது. பட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. வெண்பொங்கலில் ஒரு கரண்டிக்கு மூன்று முந்திரி வரும், அடுத்த கரண்டியில் ஒன்றுகூட வராது இல்லையா, போலி மாத்திரையும் அப்படித்தான், ஓரத்தைச் சுரண்டிச் சோதித்தால் மையத்தில் இருப்பது தெரியாது. முழுசாகக் கரைத்துத்தான் பார்க்க வேண்டும். கரைத்த பிறகு யார் குடிப்பார்கள் என்று கேட்காதீர்கள், குடிக்கிறார்கள்.

பள்ளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய பாணியில் போலீஸ்காரர் வந்து 'வேண்டாம் என்று சொல்' என்று பாடம் எடுத்ததால் பெரிய பயன் இல்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. இப்போது ஊர்க் கூட்டணிகளுக்கு வருடத்துக்கு 1,25,000 டாலர் வரை தரும் ஒரு மத்திய திட்டம் இருக்கிறது, 1997-லிருந்து ஓடுகிறது, பெற்றோர், பள்ளி, போலீஸ், மதக் குழு என்று பல தரப்பும் சேர்ந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். சின்னத் தொகைதான், ஆனால் பல வருடத்துக்குத் தொடர்ந்து வரும், அதனால் நான் மதிக்கும் திட்டம். நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளிகள் நலாக்சோன் வைத்திருக்க வேண்டும் என்று 2018-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் பள்ளியில் எந்த அலமாரியில் இருக்கிறது, சாயங்காலம் நர்ஸ் போன பிறகு சாவி யாரிடம் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

இனி, யாரும் அதிகம் கவனிக்காத பெரிய குவியல். ஓபியாய்டு வலிமருந்துகளைக் கண்மண் தெரியாமல் விற்ற கம்பெனிகள் வழக்குகளில் ஒத்துக்கொண்ட இழப்பீடு. மூன்று பெரிய விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் மட்டும் 26 பில்லியன், விநியோகஸ்தர்களின் பங்கு 18 வருடத் தவணையில். மற்றவர்களையும் சேர்த்தால் 50 பில்லியனைத் தாண்டும். அந்த 26 பில்லியன் ஒப்பந்தத்தில் குறைந்தது 85 சதவீதம் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கவே செலவாக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், காரணம் சிகரெட் வழக்கில் பட்ட சூடு. 1998-ல் சிகரெட் கம்பெனிகள் மாநிலங்களுக்கு 200 பில்லியனுக்கு மேல் கொடுக்க ஒத்துக்கொண்டன, மாநிலங்கள் அதை ரோட்டுக்கும் பட்ஜெட் பள்ளத்துக்கும் போட்டுவிட்டு, புகை தடுப்புக்கு டாலரில் சில சென்ட்தான் ஒதுக்கின. இந்தத் தடவையும் ஓட்டைகள் இருக்கின்றன. டென்னசியில் கிரீன் கவுண்டி தனக்கு வந்த தொகையில் பெரும்பகுதியைக் கவுண்டியின் பழைய கடனை அடைக்கப் போட்டது. எங்கள் நியூ ஜெர்சியில் 2025 ஜூனில் சட்டமன்றம் 45 மில்லியன் டாலரைப் பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்குத் திருப்பிவிட்டது, மாநில அட்டர்னி ஜெனரலே வெளிப்படையாக எதிர்த்தார், தெருவில் வேலை பார்க்கும் அமைப்புகள் கத்தின, பட்ஜெட் கையெழுத்தாகிவிட்டது. மருத்துவமனை கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூச்சு நின்று நான்கு நிமிடத்தில் மூளை பாழாக ஆரம்பிக்கும், ஆம்புலன்ஸ் வருவதற்கு எட்டு நிமிடம் ஆகிறது என்றால், பணம் ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்க்கும் மருத்துவமனையில் குவிவதா, ஆள் விழுந்து கிடக்கும் தெருவிலா?

சாவு குறைந்ததா என்றால், குறைந்திருக்கிறது, நன்றாகவே. 2022-ல் எல்லாப் போதைப்பொருள்களாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,08,000, அதில் சுமார் 74,000 பேர் ஃபென்டனில் வகையால். 2024-ல் மொத்தம் சுமார் 80,000, ஃபென்டனில் வகை சுமார் 48,000. நலாக்சோன் பரவியது ஒரு காரணம். 2022 கடைசியில் வந்த சட்டத்தால், ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் பியூப்ரெனார்ஃபின் மருந்தை எழுத டாக்டருக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று ஆனது இன்னொன்று. சரக்கின் வீரியம் குறைந்தது மற்றொன்று, மேலே சொன்ன ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்த கணக்கைப் பாருங்கள். கசப்பான காரணம் ஒன்றும் உண்டு: ஆபத்தில் இருந்தவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். இதில் எதற்கு எத்தனை பங்கு என்று ஆராய்ச்சியாளர்களே அடித்துக்கொள்கிறார்கள், எங்கள் மானியத்தால்தான் குறைந்தது என்று மேடையில் பேசும் அரசியல்வாதியை நம்பாதீர்கள், மானியத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பேசுபவரையும்தான். பிலடெல்ஃபியாவில் 2024-லிருந்து மெடெடோமிடின் என்ற மிருக மயக்க மருந்து ஃபென்டனிலோடு கலந்து வருகிறது, அதற்கு நலாக்சோன் வேலை செய்யாது. மானியத்தின் பெயரில் 'ஓபியாய்டு' என்று இருப்பதால் புதுச் சரக்குக்குச் செலவழிக்கலாமா என்று நாங்கள் கடிதம் எழுதிக் காத்திருப்போம், விற்பவன் காத்திருப்பதில்லை.

கடைசிக் கேள்வி, உங்களுக்கு என்ன வந்து சேரும் என்பது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வகுப்பு முடிந்ததும் பெற்றோர்களுக்கு அரை மணி நேரம் ஸ்ப்ரே அடித்துக் காட்டினேன். தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு மூக்குத்துளையில் முழுசாக நுழைத்து, அடியில் உள்ள பொத்தானை ஒரே அழுத்து, 911-ஐக் கூப்பிடு, மூன்று நிமிடத்தில் மூச்சு வராவிட்டால் இரண்டாவது. பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற முகம். முடிந்ததும் ஓர் அக்கா ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, இதை வீட்டில் வைத்திருந்தால் வருகிறவர்கள் பார்த்து என்ன நினைப்பார்கள்?" என்றார். ஃபயர் எக்ஸ்டிங்குஷர் வைத்திருக்கிறீர்களே அக்கா, வீட்டுக்குத் தீ வைக்கவா என்றேன். சிரித்தார். பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் கழித்து நான் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவருடைய மகள், பதினாறு பதினேழு வயதிருக்கும், தனியாக வந்து, "அங்கிள், ரெண்டு தருவீங்களா, ஒண்ணு என் ஃப்ரெண்டுக்கு" என்று வாங்கிக்கொண்டு, ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனாள்.

இழப்பீட்டுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று பல கவுண்டிகளில் திறந்த கூட்டம் நடக்கும், பொதுமக்கள் பேசலாம். நான் போன கடைசிக் கூட்டத்தில் ஒதுக்கீடு கேட்டு வந்த அமைப்புகளின் ஆட்களைத் தவிர, ஊர்க்காரர்கள் என்று வந்தவர்கள் நான்கு பேர். தேதி உங்கள் கவுண்டியின் இணையதளத்தில் இருக்கும்.